பெடலுக்கு அடியில் ஒரு பல்பு

கஸ்டமர் வண்டியில் கோளாறு இருக்க வேண்டும், அதுவும் பெரிய கோளாறாக இருக்க வேண்டும் என்று ஒரு மெக்கானிக் மனதுக்குள் வேண்டிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நாலு காசு கூடுதலாகப் பார்க்கலாம் என்பதற்காக இல்லை. வண்டி நன்றாக இருந்தால், கோளாறு தன் காலில் இருக்கிறது என்று ஆகிவிடும். அந்தப் பயம்தான்.

அவர் எனக்குச் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். ஷெட்டும் ஒன்றுதான். அவருக்கு கியர் பாக்ஸ், எனக்கு வயரிங். பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் 'நியூட்ரல்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான்.

காரணம் இதுதான். அக்காவுக்கும் தங்கைக்கும் வாரம் தவறாமல் சண்டை வரும். தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்தாமல் விட்டது, மொட்டை மாடிக் கொடியில் யார் துணி முதலில் காய வேண்டும், இப்படி. இரண்டு பேரும் மூச்சிரைக்க வந்து இவரிடம் நியாயம் கேட்பார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரெண்டு பேர் சொல்றதும் சரிதானேம்மா" என்பார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன மனுஷன்யா இவரு, எந்தக் கியரும் போட மாட்டேங்கிறாரு, நியூட்ரல்லயே நிக்கிறாரு" என்று கத்தினேன். சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் மனைவியான அண்ணியே போனில், "நியூட்ரல் கிளம்பிட்டாரா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

பயந்த சுபாவம். நாய் படுத்திருந்தால் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவார், அது தூங்கிக்கொண்டிருந்தாலும். லிஃப்டில் ஏற மாட்டார். கேஸ் அடுப்பை மூடிவிட்டு வாசல்வரை வந்து, திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வேளைகெட்ட வேளையில் போன் அடித்தால் முகம் வெளுத்துவிடும். ஷெட்டில் வண்டி ஜாக்கி மேல் நின்றால் மட்டும் போதாது அவருக்கு. அதற்கடியில் மரக்கட்டை, கட்டைக்குப் பக்கத்தில் கழற்றிய டயர், எல்லாம் வைத்த பிறகு ஒரு கையால் வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே நுழைவார்.

"தாங்குமா சகல?" என்று அங்கிருந்து குரல் வரும்.

"வானமே இடிஞ்சு விழுந்தாலும் தாங்கும், வேலையப் பாருங்க" என்பேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவரை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். ஆனால் கியர் பாக்ஸ் என்று வந்துவிட்டால் அவருடைய முறையே வேறு. வந்த வண்டியை அவர் முதலில் தொட மாட்டார். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, கியர் குச்சியின் அடியில் கையை லேசாக வைத்துக்கொள்வார். "வண்டியோட கோளாறும் ஓட்டுறவரோட கோளாறும் கலந்துதான் வரும். முதல்ல ரெண்டையும் பிரிக்கணும்" என்பார். அதன் பிறகு தான் ஓட்டிப் பார்ப்பார். வேலை முடிந்து சாவி கொடுப்பதற்கு முன்னாலும் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.

அதோடு ஒரு கேள்வி. "எப்ப ஆரம்பிச்சுது?"

உலகத்தில் உள்ள அத்தனை வண்டிக்காரர்களும் இதற்கு ஒரே பதில்தான் சொல்வார்கள். "இப்பதாங்க, ரெண்டு நாளா." பாக்ஸைத் திறந்தால் கியர் பல்லெல்லாம் மழுங்கிப் போய், எண்ணெய் கரியாகிக் கிடக்கும். ரெண்டு நாளாம்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர்கள் காதுபடவே சொல்லிவிடுவேன். நியூட்ரல் ஒன்றும் சொல்ல மாட்டார். "பயத்துல சொல்றாங்கப்பா. கம்மியா சொன்னா கம்மியா இருக்கும்னு ஒரு நெனப்பு" என்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. சின்னக் கோளாறு என்றால் நின்றபடியே சொல்லி அனுப்பிவிடுவார். பாக்ஸ் தேறாது என்று தெரிந்துவிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார். ஷெட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், டீ வந்தால் கதை முடிந்தது என்று. அவர் வாங்கிக் கொடுத்த டீயை எந்த வண்டிக்காரரும் முழுசாகக் குடித்ததில்லை.

அந்தச் சிவப்பு வண்டி வந்தது இப்படிப்பட்ட ஷெட்டுக்குத்தான்.

இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார். அதிலிருந்து இறங்கியவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒரு அம்மா. நாங்கள் டீச்சரம்மா என்றே கூப்பிட்டோம்.

"காலமெல்லாம் அடுத்தவங்க காலப் பாத்துப் பாத்தே ஓட்டியாச்சு. இது எனக்கே எனக்குன்னு வாங்குனது. பக்கத்து சீட்டுல யாரையும் ஏத்துறதில்ல" என்றார்.

"அப்ப எங்க சகலைய டிக்கியிலயா உக்கார வைக்கப் போறீங்க?" என்றேன்.

"மெக்கானிக்குக்கு விதிவிலக்கு உண்டு" என்று சிரித்தார்.

நியூட்ரல் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எப்ப ஆரம்பிச்சுதும்மா?"

"வாங்கின கொஞ்ச நாள்லயே. ரெண்டுல இருந்து மூணு போடும்போது கரகரங்கும். சரியாயிடும்னு விட்டுட்டேன். தப்பு என் மேலதான்."

எனக்கு மயக்கமே வந்துவிட்டது. ஷெட் தொடங்கிய நாளிலிருந்து உண்மை சொன்ன முதல் கஸ்டமர்! நியூட்ரல் அவரை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்.

டீச்சரம்மா ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தார். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். வழுக்கிக்கொண்டு விழுந்தன. எஞ்சின் ஓடும்போது கிளட்ச்சை அமுத்தி, கொஞ்சம் பொறுத்து, ரிவர்ஸ் போடச் சொன்னார். சத்தமே இல்லை. அப்படியென்றால் கிளட்ச் எஞ்சினையும் கியரையும் சுத்தமாகப் பிரித்து விடுகிறது. ஓட்டத்தில் மூன்றாவது மட்டும் கரகரத்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதிகம், சூடேறினால் குறைவு. கீழே படுத்து கியர் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கி வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தார். பித்தளைத் தூள் மினுமினுத்தது. அதிலேயே பிடிபட்டுவிட்டதால், வழக்கம்போல் தான் ஓட்டிப் பார்க்கவில்லை.

"மூணாவதோட சின்க்ரோ ரிங் தேஞ்சிருச்சு" என்றார் நின்றபடியே.

"அது என்ன செய்யும் மாஸ்டர்?" என்று கேட்டார் டீச்சரம்மா.

"ஓடுற பஸ்ல ஏறுறவன் என்ன பண்ணுவான்? கூடவே கொஞ்ச தூரம் ஓடிட்டுத்தானே ஏறுவான்? அப்படி ரெண்டு பல்லையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேக்குறது அந்தப் பித்தளை வளையம்தான். அது தேஞ்சா, நின்னுட்டு இருக்கறவன் ஓடுற பஸ்ஸப் புடிச்ச மாதிரி ஆயிடும்."

பாக்ஸை இறக்கினார், வளையத்தை மாற்றினார், ஏற்றினார். டீச்சரம்மா வந்து ஓட்டிப் பார்த்தார். தெருக்கோடிவரை போய்த் திரும்பியவரின் முகம் புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. "வெண்ணெய் மாதிரி விழுது மாஸ்டர்" என்றார். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் சாவி கொடுப்பதற்கு முன்னால் தான் ஒரு சுற்று ஓட்டாமல் விடுவாரா நியூட்ரல்?

உட்கார்ந்தார். டீச்சரம்மா பக்கத்தில். வண்டியைப் பின்னால் எடுக்க ரிவர்ஸ் போட்டார். கர்ர்ர் என்று ஒரு சத்தம். ஷெட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மறுபடி போட்டார். கர்ர்ர். முதல் கியரிலும் ஒரு உரசல்.

டீச்சரம்மாவுக்கு வாய்ப்பழக்கம். யோசிக்காமல் சொல்லிவிட்டார். "கிளட்ச் முழுசா அமுங்கல மாஸ்டர். தரை தொடணும். இந்த வண்டிக்கு ஸ்பிரிங் ரொம்பக் கடுசு, கடைசிவரைக்கும் போனாத்தான் விடும்."

"முழுசாத்தாம்மா அமுத்தியிருக்கேன்."

எனக்குச் சும்மா இருக்க முடியுமா? கியர் பாக்ஸ் மாஸ்டருக்கே கிளட்ச் பாடம்! "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னாளாம்" என்று எடுத்துவிட்டேன். ஷெட்டே சிரித்தது. எப்போதும் என் கேலிக்கு அசட்டுச் சிரிப்பாவது சிரிக்கும் மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலுதட்டில் வேர்த்திருந்தது.

"கிளட்ச் விட மாட்டேங்குது. வண்டிய விட்டுட்டுப் போங்கம்மா" என்றார்.

"எனக்கு நல்லாத்தானே விழுந்துது?"

"உங்களுக்குத் தெரியல."

அவர் ஒரு வண்டிக்காரரை மறுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்து வந்த நாட்களில் அவர் வேறு வண்டியைத் தொடவில்லை. கிளட்ச் எண்ணெயை மாற்றிக் காற்றெடுத்தார். ஓட்டினார். கர்ர்ர். அந்த எண்ணெயைத் தள்ளுகிற சிலிண்டரை மாற்றினார். கர்ர்ர். பாக்ஸை மறுபடி இறக்கி, கிளட்ச் பிளேட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தார். பேரிங்கைக் காதோடு வைத்துச் சுற்றினார். எல்லாம் சரியாக இருந்தன. சரியாக இருக்க இருக்க அவர் முகம் இருண்டது. பேரிங்கைத் தள்ளுகிற ஃபோர்க்கில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல் தெரிந்ததும், "இதுதான்! பாத்தியா சகல, இதுதான்!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறந்த குழந்தையைக் காட்டுவது போல ஒரு சந்தோஷம். அந்தக் கீறலால் ஒரு ஈ கூடச் சாகாது என்று எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா?

ஃபோர்க்கையும் மாற்றினார். கர்ர்ர்.

அன்று சாயங்காலம் அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. முதல் கியர், இரண்டாவது, எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. நான் மெதுவாக இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். வாய் நீளம் என்று ஊரே சொல்லும் எனக்கு, அன்று வாய் வரவில்லை. ஏனென்றால் அப்போதுதான் அவருடைய அண்ணன் ஞாபகம் வந்தது.

அந்த அண்ணனை நான் படுக்கையில்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவர் நல்ல தையல்காரர். ஒருநாள் மெஷின் மிதி கனக்கிறது என்றாராம். தம்பி என்ற முறையில் நியூட்ரல்தான் போய் மெஷினைப் பிரித்து எண்ணெய் விட்டார். மறுபடி கனக்கிறது என்றார் அண்ணன். வாரை மாற்றினார்கள். பிறகு மெஷினையே மாற்றினார்கள். புது மெஷினும் கனத்தது. அதற்கப்புறம்தான் வீட்டில் யாரோ கவனித்தார்கள், மனிதர் தெருவில் நடக்கும்போது இடது செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது, அது தெரியாமல் போய்க்கொண்டே இருக்கிறார் என்று. ஏதோ நரம்பு வியாதி. காலில் ஆரம்பித்து, கைக்கு ஏறி, கடைசியில் ஸ்பூனில் கஞ்சி ஊற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கஞ்சியை வருஷக்கணக்கில் ஊற்றியவர் நியூட்ரல். புரட்டிப் படுக்க வைத்தவரும் அவர்தான்.

நாயைப் பார்த்துப் பயந்ததும் லிஃப்டைப் பார்த்துப் பயந்ததும் பயமே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உண்மையான பயம் ஒன்று அவர் மடியில் கனமாக உட்கார்ந்திருந்தது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வைத்த மரக்கட்டைகள்.

கை கழுவிவிட்டு வந்தவரின் காலைப் பார்த்தேன். எந்தக் காலத்திலும் ரப்பர் செருப்பு தவிர வேறு போடாத மனிதர், கயிறு கட்டிய ஷூ போட்டிருந்தார். எப்போதிலிருந்து என்று எனக்கு நினைவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் பாக்ஸை மூன்றாம் தடவை இறக்க ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"வேணாம் சகல" என்றேன்.

"உள்ள ஏதோ இருக்குப்பா."

"உள்ள ஒண்ணும் இல்ல."

"உனக்கு என்ன தெரியும்? நீ வயரப் பாரு." அவர் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

"சரி, வயரையே பாக்குறேன். ஒரு அரை மணி நேரம் குடுங்க."

கழித்துப் போட்ட சாமான்களில் பழைய ஹாரன் பட்டன் ஒன்று கிடந்தது. அதைக் கிளட்ச் பெடலுக்கு அடியில், பெடல் முழுசாகக் கீழே போனால் மட்டும் தொடுகிற மாதிரி, தகடு வைத்து முறுக்கினேன். அதிலிருந்து ஒரு வயர் பேட்டரிக்கு, இன்னொன்று ஒரு சின்ன பல்புக்கு. பல்பை முன்கண்ணாடிக்குக் கீழே எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டினேன். அவர் அமுத்தும்போது அது எரிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட மாதிரி வேறு எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை.

அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா வண்டி என்னாயிற்று என்று கேட்க வந்தார். நல்லதாய்ப் போயிற்று என்று அவரை உட்காரச் சொன்னேன். அமுத்தினார். பல்பு எரிந்தது. நான் உட்கார்ந்து அமுத்தினேன். எரிந்தது.

"நீங்க வாங்க சகல."

அவர் வரவில்லை. ஷெட் வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்தபடி வந்து ஏறினார். இடது காலைக் கையால் தொடையைப் பிடித்துத் தூக்கித்தான் உள்ளே வைத்தார். நாங்கள் பார்க்கக் கூடாது என்று வேகமாகச் செய்தார்.

அமுத்தினார். பல்பு எரியவில்லை.

"அமுத்தியாச்சு" என்றார்.

டீச்சரம்மா குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

"தரை தொட்டாச்சுப்பா. பல்பு போயிருக்கும். மாத்து."

மாற்றினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தப் பல்பு உண்மையிலேயே போயிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே மாற்றினேன். புது பல்பும் எரியவில்லை.

"பட்டன கொஞ்சம் மேல ஏத்தி வை சகல." குரல் கெஞ்சலாக இருந்தது. "கொஞ்சம்தான். நீ ரொம்பக் கீழ வச்சிட்ட."

ஒரு விரற்கடை ஏற்றினால் போதும், எரிந்துவிடும். அவரும் வீட்டுக்குப் போய் இன்றைக்காவது சாப்பிடுவார். என் கை பட்டனை நோக்கிப் போயும் விட்டது. ஆனால் ஏற்ற முடியவில்லை. அதற்குப் பதிலாக, தரையில் மண்டியிட்டு, பெடல் மேல் இருந்த அவர் ஷூவைப் பிடித்துக் கீழே தள்ளினேன். பெடல் இன்னும் கொஞ்சம் இறங்கியது. தலைக்கு மேலே பல்பு எரிந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் பல்பைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ புடிச்சிருக்கியா?" என்றார். "எனக்குத் தெரியலப்பா."

பிறகு இறங்கி, கையைத் துடைத்து, டீச்சரம்மாவிடம் சாவியை நீட்டினார். "வண்டியில ஒண்ணும் இல்லம்மா. எடுத்துட்டுப் போங்க." அந்த அம்மாதான் எத்தனையோ பேருடைய கால்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர். சாவியை வாங்கிக்கொண்டு, "நாளைக்குன்னு தள்ளாதீங்க மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். வண்டி சத்தமில்லாமல் ரிவர்ஸ் எடுத்துத் தெருவில் இறங்கிப் போனது.

"அண்ணிகிட்ட இப்ப சொல்ல வேணாம்" என்றார் என்னிடம். வீட்டுக்குப் போன பிறகு தெரிந்தது, அண்ணிக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று. செருப்பு அலமாரியிலிருந்து அவருடைய பழைய ரப்பர் செருப்பை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார் அண்ணி. இடது செருப்பில் மட்டும் குதிகாலைச் சுற்றி வார் வைத்துத் தைத்திருந்தது.

"நான்தான் தச்சு வச்சேன், போட்டுக்கோங்கன்னு சொன்னேன். மறுநாளே ஷூ வாங்கிட்டு வந்துட்டாரு. நானும் கேக்கல, அவரும் சொல்லல" என்றார். "படியில அந்தக் கால் இழுபடுற சத்தம் கேக்கும்போதெல்லாம் டிவி சத்தத்தக் கூட்டி வச்சிருவேன் தம்பி."

என் மனைவி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வார்த்தைக்கு வார்த்தை மோதிக்கொள்ளும் இரண்டு பேர். நியூட்ரல் எதிரே நாற்காலியில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நரம்பு டாக்டரிடம் நியூட்ரல், அண்ணி, நான் மூன்று பேரும் போனோம். ஆள் சிடுமூஞ்சி என்று கேள்வி. வெளியே காத்திருக்கும்போதே பார்த்தேன், உள்ளே போனவர்கள் போன வேகத்தில் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெரியவரிடம், "உங்களுக்கு ஒண்ணுமே இல்ல, நல்லா நடங்க, போங்க" என்று டாக்டர் விரட்டியது கதவுக்கு வெளியே கேட்டது. நியூட்ரல் அந்தப் பெரியவரைப் பொறாமையோடு பார்த்தார். அந்தத் திட்டு தனக்கும் கிடைக்காதா என்று அவர் கண் ஏங்கியது.

எங்கள் முறை வந்தது. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"இப்பதான் டாக்டர். ஒரு மாசமா..." என்ற நியூட்ரல் என்னைப் பார்த்தார். "பொய் சொல்றேன் டாக்டர். போன வருஷமே தெரியும். அதுக்கு முன்னாடியும் இருந்திருக்கும்."

டாக்டர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். ஷூவைக் கழற்றச் சொன்னார். அண்ணி குனிந்து கயிற்றை அவிழ்த்தார். ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார் டாக்டர். உள்ளங்காலில் ஊசி முனையை வைத்து, "குத்துதா?" என்று கேட்டுக்கொண்டே மேலே வந்தார். நுனிக்காலில் நடக்கச் சொன்னார். கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நியூட்ரல் சாயப் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். பிறகு, யாரும் சொல்லாமலே, டாக்டர் அவர் கைகளை வாங்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். அண்ணனுக்கும் காலிலிருந்து கைக்குத்தான் ஏறியது.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?"

நியூட்ரல் அண்ணனைப் பற்றிச் சொன்னார். மிதி கனத்தது, எண்ணெய் விட்டது, மெஷினை மாற்றியது, எல்லாம் சொன்னார். டாக்டர் குறுக்கே பேசவில்லை. ஒரு டெஸ்ட் எழுதினார், இன்னொன்று எழுதினார். பேனாவை மூடி வைத்தார். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். விரட்ட வேண்டியதுதானே? ஒரு திட்டுத் திட்டி, ஒண்ணும் இல்ல போங்க என்று சொல்ல வேண்டியதுதானே?

டாக்டர் எழுந்து மேஜையைச் சுற்றி எங்கள் பக்கம் வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து நியூட்ரலுக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

"உக்காருங்க" என்றார் தணிந்த குரலில். "டீ சாப்பிடுறீங்களா?"

நான் சுவரைப் பார்த்தேன். நியூட்ரலைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

டீ வந்தது. டாக்டர் ஏதோ போன் பேச வெளியே போன இடைவெளியில், அண்ணிக்கு முகம் தெளிந்துவிட்டது. எத்தனையோ நாளாகக் கட்டி வைத்திருந்த மூச்சை விடுகிற மாதிரி பேசினார்.

"சிடுசிடுன்னு விழுவாருன்னு சொன்னாங்களே! எவ்வளவு தன்மையா, டீயெல்லாம் வாங்கிக் குடுத்து... பெருசா ஒண்ணும் இருக்காதுங்க. இருந்தா இப்படி சாவகாசமா உக்காந்து பேசுவாரா?"

நியூட்ரல் என்ன சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். எந்தச் சண்டையிலும் எந்தப் பக்கமும் சேராத மனிதர்.

"ஆமா" என்றார் நியூட்ரல். "நீ சொல்றதுதான் சரி."

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணியைப் பார்த்தபடியே, அந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.